வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சஹ்யாத்ரி மலைக்கு: கடைசி கர்ஜத் லோக்கலில் கிளம்புவோருக்கான முழுமையான வழிகாட்டி

மும்பையில் டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மாலை 6 மணிக்கே மறைந்துவிடுகிறது. ஜூலையில்கூட 7.20-ஐத் தாண்டி வெளிச்சம் நிற்பதில்லை. ஆறரை மணிக்கு அலுவலகத்தை விட்டு வெளியேறும் ஒருவர் வாரநாளில் வெளிச்சத்தோடு மலையில் கால் வைக்க வழியில்லை. நகரத்துக்குள்ளேயே இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் சிறுத்தைகள் நடமாடும் காடு என்பதால் இருட்டிய பின் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை. எனவே, வேலைக்குப் போகிறவருக்கு உண்மையில் கிடைக்கும் நேரம் வெள்ளி இரவிலிருந்து சனி மதியம் வரையிலான பதினாறு, பதினேழு மணி நேரம்தான்.

கர்ஜத் செல்லும் இரவு லோக்கலில் (புறநகர் ரயிலில்) கிளம்பி, அந்த நேரத்துக்குள் மேற்குத் தொடர்ச்சி மலையான சஹ்யாத்ரியில் ஏறிவிட்டுச் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சற்றுப் பிந்தி வீடு திரும்புவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி என்று பல பகுதிகளிலிருந்து முதன்முறையாக வரும் தமிழ் நண்பர்களை அழைத்துச் சென்ற அனுபவத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டேன். மலையின் உயரம் அவர்களில் பெரும்பாலோரைத் தடுமாற வைக்கவில்லை. ஒன்பது மணி நேரம் வேலை பார்த்த உடம்பைத் தூக்கமில்லாமல் மலைக்குக் கொண்டு வந்ததுதான் தடுமாற வைத்தது. அதனால் கீழேயுள்ள படிகள் எல்லாமே தூக்கம், வெளிச்சம், தண்ணீர் ஆகிய மூன்றையும் காப்பாற்றும்படி வரிசைப்படுத்தப்பட்டவை.

1. இடத்துக்கு முன்னால் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே ஏற்றவை. மழை முடிந்து பாசி காய்ந்திருக்கும். காலை பதினொரு மணி வரை வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். மார்ச்சுக்குப் பிறகு, ஒன்பது மணிக்கே பாறை சூடேறத் தொடங்கிவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை மிக அழகாக இருக்கும். புதியவர்கள் எல்லோரும் அப்போதுதான் கிளம்ப விரும்புகிறார்கள். சஹ்யாத்ரியின் பாறை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உருவான பசால்ட் கரும்பாறை. மழையில் அதன் மேல் படரும் பாசி, எவ்வளவு நல்ல காலணியையும் வழுக்கச் செய்துவிடும். 2023 ஜூலையில் ராய்கட் மாவட்டத்தின் இர்ஷால்வாடியில் இரவில் மலைச்சரிவு இடிந்து ஒரு குடியிருப்பையே மூடியதை மும்பையில் இருக்கும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பல நாள் கனமழை நீடித்த வாரத்தில் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் செங்குத்தான சரிவுகளுக்குப் போகாதீர்கள். அந்தப் பருவத்தில் மாவட்ட நிர்வாகம் பல அருவிகளுக்கும் கோட்டைகளுக்கும் தடை உத்தரவு போடுவது வழக்கம். கிளம்பும் வாரத்தில் செய்தியைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நாளைப் பொறுத்தவரை சனிக்கிழமை காலையே சிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் பராமரிப்புக்காக மெகா பிளாக் விடுவதால், களைத்துப்போய்த் திரும்பும் நேரத்தில் ரயில்கள் ரத்தாகவோ தாமதமாகவோ வாய்ப்பு உண்டு.

2. ஏறும் வழியை விட இறங்கும் வழியைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

கல்யாணுக்குப் பிறகு மத்திய ரயில்வேயின் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பத்லாபூர், நேரள், பிவ்புரி ரோடு வழியாகக் கர்ஜத்துக்குப் போகிறது. மற்றொன்று டிட்வாலா, ஆசன்காவ் வழியாகக் கசாராவுக்குப் போகிறது. கசாராவிலிருந்து செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஸ்டேஷனிலிருந்து வெகு தூரம். மகாராஷ்டிராவின் மிக உயர்ந்த சிகரமான கள்சுபாய் 1646 மீட்டர் உயரமுள்ளது. அதன் அடிவாரமான பாரி கிராமத்துக்குக் கசாராவில் இறங்கி நெடுந்தூரம் வண்டியில் போக வேண்டும். அதை மூன்றாவது, நான்காவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்துக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது பிவ்புரி ரோடு ஸ்டேஷனிலிருந்து கார்பெட் பாயின்ட் என்ற முகட்டின் வழியாக மாத்தேரான் ஏறுவது. காரணங்கள் இரண்டு. ஸ்டேஷனிலிருந்தே நடக்கத் தொடங்கலாம் என்பதால் விடியற்காலையில் ஆட்டோ தேடி அலைய வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, மேலே போனால் மாத்தேரான் என்ற ஊரே இருக்கிறது. சாப்பாடும் தண்ணீரும் கிடைக்கும், ஊர் எல்லையில் வாகனங்கள் நிற்கும் இடமான தஸ்தூரி வரை நடந்தால் நேரளுக்கு டாக்ஸியும் கிடைக்கும். களைத்த கால்களோடு இறங்கும்போதுதான் காயங்கள் அதிகம் ஏற்படுகின்றன. அந்த இறக்கமே இல்லாத பாதை புதியவருக்குப் பெரிய பாதுகாப்பு.

இரண்டாவது பயணத்துக்கு ராஜ்மாச்சி நல்லது. கர்ஜத்திலிருந்து ஆட்டோவில் கொண்டிவடே போய், கொண்டாணே குகைகள் வழியாக ஏறினால் உதேவாடி என்ற கிராமம் வரும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் அங்கு வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் வந்த வழியே இறங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

3. வியாழன் இரவே பையைக் கட்டிவிடுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை பை கட்ட உட்கார்ந்தால் தூங்க வேண்டிய நேரம் அதற்கே போய்விடும். அதோடு, களைப்பில் கட்டும் பையில் டார்ச் இருக்கும், அதற்கான பேட்டரி இருக்காது.

தேவையானவை அதிகம் இல்லை: பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட, ஏற்கெனவே ஒரு மாதமாவது போட்டுப் பழகிய காலணி, தலையில் கட்டும் டார்ச் (ஆளுக்கு ஒன்று), முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை, தொப்பி, மாற்று பனியனும் காலுறையும், ஓ.ஆர்.எஸ். பொடி, கட்டுத்துணி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள்; போனுக்குப் பவர் பேங்க்; குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. முழுக்கை அவசியம் என்பதற்குக் காரணம், ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் கார்வி புதர்கள் நெருக்கமாக வளர்ந்திருக்கும். அவற்றின் சொரசொரப்பான இலையும் குச்சியும் கைகளைக் கீறிவிடும்.

புதுக் காலணியை அன்றுதான் முதன்முறையாக மாட்டுவது நான் மிக அதிகமாகக் கண்ட தவறு. ஏறத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் குதிகாலில் கொப்புளம் வந்துவிடும், அதன் பிறகு அந்த ஆளின் வேகமே குழுவின் வேகம்.

லேப்டாப்பை எக்காரணம் கொண்டும் எடுத்து வராதீர்கள். அலுவலகத்திலிருந்து நேராக வர நேர்ந்தால், அதை அலுவலக லாக்கரில் பூட்டிவைக்க வழி உண்டா என்று வியாழக்கிழமையே விசாரித்து வைக்க வேண்டும். தோளில் இரண்டு கிலோ கூடுவதோடு, நள்ளிரவு ரயிலில் அதைக் காக்க வேண்டுமே என்ற கவலையில் தூக்கமும் வராது.

4. தண்ணீரும் உணவும்

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். 'வழியில் ஓடை இருக்கும்' என்று நம்பி ஒரு லிட்டரோடு வருகிறவர்கள், ஜனவரியில் அந்த ஓடைகள் வற்றிக் கிடப்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். மூன்று லிட்டரையும் ஒரே பெரிய பாட்டிலில் எடுக்காமல் ஒரு லிட்டர் பாட்டில்களாக எடுத்தால், எவ்வளவு குடித்திருக்கிறோம் என்பது ஒவ்வொரு பாட்டில் காலியாகும்போதும் தெரியும். ஒரு லிட்டர் மீதமிருக்கும் நிலைக்கு வந்ததும், மேலே போவதா திரும்புவதா என்று குழு நின்று பேச வேண்டும்.

உணவுக்கு நம் வீட்டுச் சமையலே போதுமானது. வெள்ளி மாலை கட்டிய புளியோதரை மறுநாள் காலைவரை கெடாது. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லியும் அப்படியே. தயிர்சாதம் மட்டும் வேண்டாம். மும்பையின் புழுக்கத்தில் பைக்குள் பத்து மணி நேரம் இருந்தால் அது புளித்துப்போகும், வயிற்றுக்கும் கெடுதல். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றை எளிதில் எட்டும் பக்கவாட்டுப் பையில் வைத்துக்கொண்டால், முக்கால் மணிக்கு ஒருமுறை நிற்கும்போது சிறிது சிறிதாகச் சாப்பிடலாம். மாத்தேரானில் குரங்குகள் உணவுப் பையைப் பறித்துவிடும் என்பதால், ஊருக்குள் நுழைவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவது நல்லது.

5. வெள்ளி மாலை: மூன்று மணி நேரமாவது தூங்கியாக வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

அலுவலகத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போங்கள். குளித்து, ஏழரை மணிக்குள் மிதமாகச் சாப்பிட்டு, எட்டு மணிக்குப் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். பதினொரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தால் போதும். உடனே தூக்கம் வராது. வராவிட்டாலும் விளக்கை அணைத்துப் படுத்திருங்கள். அந்த ஓய்வே மறுநாள் காலையில் கை கொடுக்கும். மாலை நான்கு மணிக்குப் பிறகு காபி குடிக்காமல் இருந்தால் தூக்கம் வரும் வாய்ப்பு கூடும்.

புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறானது. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று அலுவலகத்திலேயே எட்டரை மணி வரை வேலை பார்ப்பார்கள். பிறகு நண்பர்களோடு ஹோட்டலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நேராக தாதர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார்கள். என்னோடு வந்த ஒருவர், நல்ல உடல்வலு உள்ளவர், தினமும் ஓடுகிறவர், அப்படித்தான் வந்தார். ஏறும்போது எங்கள் எல்லோருக்கும் முன்னால் போனார். இறங்கும்போது ஒரு சாதாரணமான மண்சரிவில், கண் இருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னவர் கால் பிசகி விழுந்தார். கணுக்கால் வீங்கிய அவரை இருவர் தாங்கிப் பிடித்தபடி ஊர் எல்லைக்கு வந்து சேர மூன்று மணி நேரம் பிடித்தது. அவர் வழக்கம்போல் தூங்கியிருக்கிறாரா என்று கிளம்பும் முன் நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். தூங்கவில்லை என்று சொல்கிறவரை ஸ்டேஷனிலிருந்தே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். மனவருத்தம்தான், ஆனால் மலை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் பகுதிகளில் குடியிருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குச் சாதகமாக மாற்றிக்கொள்ளலாம். கர்ஜத்துக்கு அவர்கள் பாதித் தூரம் போயாகிவிட்டது. அவர்கள் இரவு முழுதும் வீட்டில் தூங்கிவிட்டு, அதிகாலை லோக்கலில் கிளம்பிக் குழுவோடு சேர்ந்துகொள்வதே சரி. எல்லோரும் ஒன்றாகப் பயணம் செய்ய வேண்டும் என்ற ஆசைக்காக அவர்களையும் கண்விழிக்க வைக்க வேண்டாம்.

படுப்பதற்கு முன் ஒரு வேலை மீதமிருக்கிறது. எந்த வழியாக ஏறுகிறீர்கள், எந்த வழியாக இறங்குகிறீர்கள், யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் விசாரிக்க வேண்டும் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். வாயால் சொல்வது போதாது. பதற்றத்தில் ஊர்ப்பெயர் எதுவும் அவர்களுக்கு நினைவுக்கு வராது.

6. ரயில்

கடைசி கர்ஜத் லோக்கல் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிறது. கால அட்டவணை அவ்வப்போது மாறுவதால் எம்-இண்டிகேட்டர் செயலியில் அந்த வாரம் மீண்டும் பாருங்கள். 'கடைசி லோக்கல்' என்ற பெயருக்கு மயங்கி அதையே நம்பியிராமல், அதற்கு முந்தைய கர்ஜத் லோக்கலைக் குறிவைப்பதே நல்லது. ஒருவர் தவறவிட்டாலும் அடுத்ததில் வந்து சேரலாம்.

மேற்குப் பாதையில் இருப்பவர்கள் தாதரிலும், செம்பூர், வாஷி போன்ற ஹார்பர் பாதையில் இருப்பவர்கள் குர்லாவிலும் மாற வேண்டும். பிளாட்பார இண்டிகேட்டர் பலகையில் கர்ஜத் லோக்கலுக்கு 'எஸ்' என்றும் கசாரா லோக்கலுக்கு 'என்' என்றும் போட்டிருக்கும். தூக்கக் கலக்கத்தில் கசாரா வண்டியில் ஏறிவிட்டால், கல்யாணைத் தாண்டிய பிறகுதான் தெரியவரும், அந்த நேரத்தில் திரும்ப வண்டி இருக்காது.

வெள்ளி இரவில் டோம்பிவிலி, கல்யாண் வரை கூட்டம் இருக்கும். அதன் பிறகு இடம் கிடைத்ததும், பைகளைக் காலுக்கடியில் வைத்து, ஒருவர் விழித்திருக்க மற்றவர்கள் தூங்கலாம். வண்டி கர்ஜத்தோடு நின்றுவிடுவதால் ஸ்டேஷனைத் தவறவிடும் பயம் இல்லை.

7. ஸ்டேஷனில் காத்திருத்தல்

கர்ஜத் வந்து சேரும்போது மணி இரண்டரை, மூன்று இருக்கும். உடனே மலைக்குக் கிளம்பும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பயணத்துக்காக மட்டும் இரவைப் பயன்படுத்தி, முதல் வெளிச்சத்தில் ஏறத் தொடங்குவதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. இருட்டில் ஒற்றையடிப் பாதைகள் ஒன்றுபோலத் தெரியும். மாடு மேயப் போகும் தடமும் மலைக்குப் போகும் தடமும் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றுதான். பாம்பை மிதிக்கும் அபாயமும் இருட்டில்தான் அதிகம்.

பிவ்புரி ரோடு சிறிய ஸ்டேஷன். அந்த நேரத்தில் அங்கே இறங்கிக் காத்திருப்பதை விட, ஆள் நடமாட்டமும் டீயும் உள்ள கர்ஜத் பிளாட்பாரத்தில் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொண்டு, அதிகாலையில் மும்பை நோக்கிப் போகும் லோக்கலில் ஒரே ஒரு ஸ்டேஷன் திரும்பி வருவது பாதுகாப்பானது. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ரயில்வே போலீசார் கேட்பார்கள். திரும்பி வரும் அந்த ஒரு ஸ்டேஷனுக்கும் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

8. ஏற்றம்

ஜனவரியில் சூரிய உதயம் 7.10-ஐ ஒட்டி இருக்கும். அதற்கு இருபது நிமிடம் முன்பே பாதை தெரியத் தொடங்கிவிடும். அப்போது நடக்கத் தொடங்குங்கள்.

முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும். இரவு முழுதும் உட்கார்ந்தும் முடங்கியும் வந்த கால்களுக்குச் சூடேற அவ்வளவு நேரம் ஆகும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டால் வேகத்தைக் குறையுங்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, வழி தெரிந்தவர் அவருக்கு அடுத்து நடந்தால் குழு சிதறாது.

ஸ்டேஷனிலிருந்து வயல்களைக் கடந்து, ஓர் அணையின் கரையை ஒட்டி, ஆதிவாசிகள் வாழும் 'வாடி' எனப்படும் சிற்றூர்கள் வழியாகப் பாதை போகிறது. புதியவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் மேலே காட்டில் நடப்பதில்லை. இங்கே, கீழே, வயல்வெளியில் பல தடங்கள் பிரியும் இடத்தில்தான். அதனால் வாடியில் விசாரித்துக்கொண்டே போவது அவசியம்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு தடத்தைக் காட்டி, 'இது மாத்தேரான் போகுமா?' என்று கேட்டால், மரியாதைக்காகவே 'போகும்' என்பார்கள்; சுற்றிச்சுற்றி அதுவும் போகத்தான் செய்யும். 'ஹீ வாட் குட்டே ஜாதே?' அதாவது 'இந்த வழி எங்கே போகிறது?' என்று மராத்தியில் கேளுங்கள். வரும் பதில் உண்மையானதாக இருக்கும். ஆண்களைக் 'காகா' என்றும் பெண்களை 'மாவ்ஷி' என்றும் கூப்பிட்டால் போதும், மிச்ச மராத்தி தெரியாவிட்டாலும் வாசல்வரை வந்து வழி காட்டுவார்கள். அவர்களுடைய வயல்வரப்பையும் வாசலையும் நாம் கடந்து போகிறோம் என்ற நினைப்போடு, சத்தமாகப் பாட்டுப் போடாமல் நடப்பது நம் கடமை.

செங்குத்தான இடங்களில் உதிரிச் சரளை காலடியில் உருளும். பாதத்தை முழுதாகப் பதித்து வையுங்கள். பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் காய்ந்த புல்லைப் பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடும். பச்சையாக இருக்கும் கார்வித் தண்டுகளை அடியோடு சேர்த்து, இரண்டு மூன்றாகப் பிடித்தால் தாங்கும். பாறை முகடுகளில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும் இடங்களில் சென்ட் வாசனையோ புகையோ கூச்சலோ கூடாது.

9. திரும்பும் நேரம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்

'பத்தரை மணிக்குள் கார்பெட் முகட்டை எட்டாவிட்டால் வந்த வழியே இறங்குவோம்' என்பதுபோல் ஒரு நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மேலே போன பிறகு முடிவெடுத்தால், உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் திரும்ப மனம் வராது. பதினொரு மணிக்குப் பிறகு வெயிலும் தூக்கமும் ஒன்றாகத் தாக்கும். அந்த நேரத்தில் செங்குத்தான சரிவில் இருக்கக் கூடாது.

மாத்தேரான் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில், மோட்டார் வாகனங்களுக்குத் தடை உள்ள ஊர். முகட்டிலிருந்து காட்டுக்குள் செம்மண் பாதையில் நடந்து சந்தைக்கு வந்தால், அங்கிருந்து தஸ்தூரிக்கு நடந்தோ, அமன் லாட்ஜ் வரை போகும் சின்ன ரயிலிலோ வரலாம். தஸ்தூரியிலிருந்து பங்கு டாக்ஸி நேரள் ஸ்டேஷன் அருகில் இறக்கிவிடும். நேரளிலிருந்து சி.எஸ்.எம்.டி. ஏறக்குறைய 86 கிலோமீட்டர் தூரம்தான், லோக்கலில் இரண்டு மணி நேரத்தை ஒட்டிய பயணம். இந்த முறையும் யாராவது ஒருவர் விழித்திருங்கள்.

10. ஏதாவது நேர்ந்தால்

அவசர உதவிக்கு 112. மலை மடிப்புகளுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால், முகடு போன்ற திறந்த இடத்துக்கு ஒருவர் வந்து பேச வேண்டும். காயம்பட்டவரோடு ஒருவர் இருக்க வேண்டும். அதனால்தான் குழுவில் குறைந்தது நான்கு பேர் வேண்டும் என்கிறேன்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும், வெட்டுவதும், உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், வாடிக்காரர்களின் உதவியோடு விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தலைச்சுற்றலும் வாந்தி உணர்வும் வந்தால் பெரும்பாலும் நீரிழப்புதான். நிழலில் படுக்கவைத்து ஓ.ஆர்.எஸ். கரைசலை மெதுவாகக் கொடுத்து, அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

11. வீடு சேர்ந்ததும்

குளிக்கும் முன் நான்கு நேரங்களைக் குறித்து வையுங்கள்: நடக்கத் தொடங்கியது, முதல் வாடியைக் கடந்தது, முகட்டை எட்டியது, தஸ்தூரி வந்தது. அவற்றோடு, மீந்த தண்ணீரின் அளவையும் முந்தின மாலை எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ராஜ்மாச்சிக்குப் போகும்போது திரும்பும் நேரத்தை மற்றவர்களின் வேகத்தை வைத்துக் கணக்கிடாமல், இந்தக் குறிப்பை வைத்து உங்கள் வேகத்தில் கணக்கிடலாம்.